ஆடிய சட்டையை உடுத்தலாமா?

விளையாட்டு வீரர்கள் களத்தில் பயன்படுத்திய பொருள்களைச் சேகரிக்கும் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஐபிஎல் வீரர் ஒருவர் ஆட்டத்தில் போட்ட ஜெர்சியைச் சான்றிதழோடு 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். கல்லூரியில் படிக்கும் மகன் அதைப் போட்டுக்கொண்டு சேப்பாக்கத்துக்கு மேட்ச் பார்க்கப் போகவேண்டும் என்கிறான். ஒருநாள்தானே, போட்டால் என்ன?
*– வாசகர், காரைக்குடி*

முதலில் சான்றிதழை இன்னொரு முறை படியுங்கள். 'மேட்ச் வோர்ன்' என்றிருந்தால் வீரர் அதை உடுத்தி ஆடியிருக்கிறார். 'மேட்ச் இஷ்யூ' என்றிருந்தால் அவருக்காகத் தயாரானது, அவ்வளவுதான். பையைவிட்டு வெளியே வராமலே இருந்திருக்கலாம். இரண்டாவது வகையென்றால் மகன் ஒருநாள் போடுவதால் பெரிய நஷ்டமில்லை. முதல் வகையென்றால் வேண்டாம்.

கிழிந்துவிடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. பாலியெஸ்டர் ஒருநாளில் கிழியாது. ஆனால் நீங்கள் 45,000 கொடுத்தது துணிக்கா? டைவ் அடித்தபோது முழங்கைப் பக்கம் ஏறிய மண், கழுத்துப்பட்டையில் படிந்த வியர்வைக் கோடு, தையலில் பிரிந்து நிற்கும் ஒரு நூல், இவற்றுக்குத்தான் கொடுத்தீர்கள். அந்த ஆட்டத்தின் படங்களைப் பெரிதாக்கி, எண் ஒட்டிய கோணம், கோடுகள் தையலில் சேரும் இடம், கறையின் வடிவம் என ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதை 'போட்டோ மேட்சிங்' என்பார்கள். 1986 உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில் அர்ஜென்டினா வீரர் மரடோனா போட்ட சட்டை 2022 மே மாதம் சதபீஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அது கோல் அடித்த இரண்டாம் பாதியில் போட்ட சட்டையே அல்ல என்று அவர் குடும்பத்தார் சொன்னபோது, ஏல நிறுவனம் சின்னம், கோடு, எண் ஆகியவற்றைப் படங்களோடு பொருத்தித்தான் பதில் சொன்னது. மெக்சிகோ நகரக் கடையில் அவசரமாக வாங்கி, சின்னம் தைத்து, எண்ணை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய சட்டைகள் அவை. கையால் செய்த வேலை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

இப்போது மகன் நாலு மணி நேரம் சென்னை வெக்கையில் உட்காருகிறார் என்று வையுங்கள். வியர்வை உப்பும் தோல் எண்ணெயும் பழைய வியர்வைக் கோட்டின்மேல் ஏறும்; எது வீரருடையது, எது உங்கள் வீட்டுப் பிள்ளையுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. வியர்வை அடக்கும் டியோடரன்டில் உள்ள அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்து அக்குளில் மஞ்சளாகப் பிடிக்கும். சட்டை சற்று இறுக்கமாக இருந்தால், சூடு வைத்து ஒட்டிய எண் இழுபட்டு வெடிக்கும். வெடித்ததை ஒட்டவைக்க வழியில்லை. கையெழுத்து இருந்தால் இன்னும் ஆபத்து. மார்க்கர் மை சென்ட், சானிட்டைசர் ஆகியவற்றின் ஆல்கஹாலில் கரைந்து பரவும்.

கேட்கவே மாட்டேன் என்கிறாரா? வீட்டிலேயே பத்து நிமிடம். முன்பக்கம், பின்பக்கம், உள் லேபிள், ஒவ்வொரு கறை எனப் பகல் வெளிச்சத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே முழுக்கைப் பருத்திப் பனியன் வேண்டும். பவுடர், சென்ட் கூடாது. ஒரு போட்டோ எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நம் ஊர்க் கோழிக் குழம்பின் மஞ்சளுக்கு எந்தச் சான்றிதழும் ஈடு கொடுக்காது. சேப்பாக்கத்துக்கு ரசிகர்களுக்கென விற்கும் நகல் ஜெர்சி (ரெப்ளிகா) ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மேட்ச் ஜெர்சியில் மண் கறை இருந்தது. அப்பத்தா அழுக்கென்று நினைத்துச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்துவிட்டார்கள். மதிப்பு போய்விட்டதா?
*– வாசகர், தேவகோட்டை*

பாதி போயிற்று. அப்பத்தாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பெட்டிமேல் எழுதி ஒட்டாதது உங்கள் தவறு. தையல், எண்ணின் இடம், பிரிந்த நூல் ஆகியவை துவைத்தாலும் மாறாது. போட்டோ மேட்சிங்குக்கு இன்னும் இடமிருக்கிறது. சோப்பு மிச்சமிருந்தால் நாள்போக்கில் மஞ்சளாகும். அதனால் நுரை வராமல் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசி, முறுக்காமல், வெள்ளைத் துண்டின்மேல் பரப்பி நிழலில் காயவையுங்கள். இஸ்திரி ஆகாது. விற்கும்போது துவைத்ததைச் சொல்லிவிட வேண்டும். மைதானத்து மண்ணைக் கொண்டுவந்து மறுபடி தேய்க்கும் யோசனை வந்தால், அதற்குப் பெயர் மோசடி.

பெரிய வீட்டில் வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றியுள்ள அறையில் தேக்குப் பெட்டி இருக்கிறது. அதில் அந்துருண்டை போட்டு வைத்தால் போதுமா? முகப்பில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா?
*– வாசகர், கானாடுகாத்தான்*

இடம் நல்ல இடம். தடித்த சுண்ணாம்புச் சுவர், வெயில் நுழையாத அறை. மேல்மாடி கோடையில் கொதிக்கும்போதும் இங்கே சூடு அதிகம் ஏறி இறங்காது. தொந்தரவு ஐப்பசி, கார்த்திகையில் வரும். முற்றத்துச் சாரலால் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். 45 முதல் 55 வரை இருந்தால் நிம்மதி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

தேக்கு உட்பட எந்த மரமும் மெல்ல அமில ஆவி விடும். சட்டை நேராக மரத்தில் படக்கூடாது. காடா துணியைக் கஞ்சி போக இரண்டு முறை வெந்நீரில் அலசிக் காயவைத்து, அதில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. மடிக்கும் இடங்களில் அமிலமற்ற டிஷ்யூ தாளைச் சுருட்டி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். எண் ஒட்டிய பரப்பு இன்னொரு ஒட்டுப் பரப்போடு முகம் பார்க்க மடித்தால், கோடையில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தவறைத்தான் பலரும் செய்கிறார்கள்.

அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், நாற்றமும் போகாது. நொச்சி, வேப்பிலை போடுவது வழக்கம்தான், ஆனால் சரியாகக் காயாத இலை கறையையும் பூச்சியையும் சேர்த்தே கொண்டுவரும். பூச்சி இருக்குமோ என்ற சந்தேகம் கம்பளித் தொப்பி, ஸ்வெட்டருக்குத்தான் அதிகம் வரவேண்டும். அவற்றை இரண்டு பாலித்தீன் பைகளில் காற்றை அமுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். நடுவே கரண்ட் போய்க் குளிர் இறங்கிவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் பைக்கு வெளியே பூக்க வேண்டிய நீர் துணியில் பூக்கும்.

முகப்பில் மாட்டுவதானால் வெயில் நேராக விழாத சுவர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக், துணிக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. பசை கூடாது, பின்னட்டைத் துணியோடு நூல் தையல் போடச் சொல்லுங்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டில் அண்ணன் மாட்டிலிருந்து அவிழ்த்த துண்டு வீட்டில் இருக்கிறது. இதையும் உடுத்தக்கூடாதா?
*– வாசகர், திருப்பத்தூர்*

தாராளமாக. தை 3 அன்று தொழுவுக்குப் போகும்போது அண்ணன் தோளில் கிடந்தால்தான் அதற்கு அழகு. அதைச் சம்பாதித்தவரே போடும்போது சாட்சி கலைவதில்லை, கூடுகிறது. ஆஸ்திரேலிய டெஸ்ட் கிரிக்கெட் வீரர்கள் அணியும் பச்சைத் தொப்பியும் அப்படித்தான். சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னின் தொப்பி காட்டுத்தீ நிவாரணத்துக்காக 2020 ஜனவரியில் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஏலம் போனது. வாங்கிய வங்கி அதை ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டுபோனது, யார் தலையிலும் வைக்கவில்லை.

துண்டில் மஞ்சள், குங்குமம் இருந்தால் நனைக்காதீர்கள், இரண்டுமே ஓடும். எந்த ஆண்டு, எந்த ஊர் மாடு என்று காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். துண்டின்மேல் பேனா படக்கூடாது.

பழைய மட்டையால் தெருவில் ஆடலாமா? வீரர் போட்ட ஸ்பைக் ஷூவைக் காலில் மாட்டிப் பார்க்கலாமா?
*– வாசகர், பள்ளத்தூர்*

இரண்டும் கூடாது. தோனி 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடிய மட்டை அதே ஆண்டு லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. மட்டையின் முகத்தில் பந்து பதித்த தடம்தான் அது ஆடியதற்கு அடையாளம். நீங்கள் ஒரு டென்னிஸ் பந்தை அடித்தாலும் அதன்மேல் புதுத் தடம் விழும். ஆளிவிதை எண்ணெயும் பூசாதீர்கள். தடம் கறுத்து மூடிப்போகும். ஷூவின் அடியில் பாலியூரிதேன் இருந்தால் காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைந்திருக்கும். பார்க்க முழுசாகத் தெரியும், ஆள் பாரம் விழுந்ததும் புட்டுமாதிரி உதிரும். உள்ளே டிஷ்யூ தாளைத் திணித்து உருவம் கெடாமல் வையுங்கள். காலை விடவேண்டாம்.