போதைக்குப் பதில் போதையா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. கொஞ்ச வருசமாக ஹெரோயின் தூள் பாவிக்கிறான். இரண்டு முறை புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வந்தும், சில கிழமைகளிலேயே பழைய கூட்டாளிகளிடம் போய்விட்டான். கனடா மாமா, அங்கே இதற்குத் தினமும் மருந்து கொடுக்கிறார்கள் என்கிறார். “ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறதா?” என்று அம்மா அழுகிறா. என்ன செய்வது, டொக்டர்?
– ஒரு அக்கா, கொட்டாஞ்சேனை

பதில்: மகள், மாமா சொன்னது சரி. இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மாமா சொல்லும் மருந்துகளான மெத்தடோன், பியூப்ரநோர்ஃபின் இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மூளையில் தூள் போய்ப் பிடிக்கும் இடத்தைத்தான் இவையும் பிடிக்கின்றன. ஆனால் மெதுவாக, நீண்ட நேரத்துக்கு. சரியான அளவில் எடுப்பவருக்கு வெறி ஏறாது. மேல் நோ, வாந்தி, வயிற்றோட்டம் இல்லாமல் காலையில் எழும்பி வேலைக்குப் போவார். வருடக்கணக்காக நீரிழிவுக் குளிசை எடுப்பவரை நாம் அடிமை என்று சொல்வதில்லையே.

எனக்குப் பயம் வேறொன்றில். மாதக்கணக்காகத் தூள் தொடாமல் இருந்தவருக்கு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். மருந்தில்லாமல் வெறுமனே நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவதை நான் எதிர்ப்பது இதனால்தான். அறையில் பூட்டி வைக்கவும் வேண்டாம். உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தட்டியும் எழும்பாவிட்டால் உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். பொலிசுக்குப் பயந்து தாமதிக்காதீர்கள்.

பிரான்சில் 1995இல் சாதாரண குடும்ப வைத்தியர்களும் பியூப்ரநோர்ஃபின் எழுத வழிவிட்டார்கள். 1999க்குள் அளவு மிஞ்சி இறப்பவர்களின் தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. அமெரிக்காவும் இதை எழுதுவதற்கு வைத்தியருக்கு வேண்டியிருந்த தனி அனுமதியை 2022 இறுதியில் நீக்கிவிட்டது. மட்டக்குளிப் பிள்ளையொருவன் பக்கத்து வைத்தியசாலை கிளினிக்கில், பிரஷர் மருந்துக்கு நிற்பவர்களோடு நின்றே இதை வாங்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடை என்ற பேருக்கே பயந்து சிகிச்சைக்கு வராமல் விடுகிறார்கள்!

இப்போதைக்கு, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழையுங்கள். தம்பியோடு நீங்களும் கிளினிக்குக்குப் போய், மருந்துச் சிகிச்சை பற்றி நேரடியாகக் கேளுங்கள். வெளியே யாரிடமும் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். தூளின் வேகம் இறங்கி நோ தொடங்கிய பிறகுதான் பியூப்ரநோர்ஃபினை ஆரம்பிக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் நோ இன்னும் கூடும். அந்த நேரத்தை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.