குக்கர் கணக்கில் விட்டுப்போன தண்ணீர்

கேள்வி: பள்ளியில் படித்த வாயு விதியின்படி, கொள்ளளவு மாறாத குக்கரில் வெப்பநிலை 100 டிகிரியிலிருந்து 120-க்கு ஏறினால் அழுத்தம் 5 சதவீதம்தான் கூட வேண்டும். ஆனால் இரண்டு மடங்காகிறது என்கிறார்கள். சின்னப் பாத்திரங்களுக்கு அந்த விதி பொருந்தாதா?

பதில்: டிகிரியோடு 273-ஐக் கூட்டி, கெல்வினுக்கு மாற்றித்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 373-லிருந்து 393, ஐந்து சதவீதம். சரி. ஆனால் பழியைப் பாத்திரத்தின் மேல் போடாதீர்கள். ஒரு மில்லி லிட்டர் காற்றிலேயே சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உண்டு. குக்கர் என்ன, மாத்திரைக் குப்பிகூட இந்த விதிக்குச் சின்னதில்லை.

நீங்கள் கோட்டைவிட்டது PV = nRT என்ற அந்த விதியின் சமன்பாட்டில் வரும் 'என்' (n) என்ற எழுத்தை, அதாவது வாயுவின் அளவை. அது மாறாது என்று வைத்துக்கொண்டீர்கள். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது அது எப்படி மாறாமல் இருக்கும்? காற்றெல்லாம் வெளியேறி, தண்ணீருக்கு மேலே 3 லிட்டர் இடம் இருப்பதாகக் கொள்வோம். 100 டிகிரியில் அங்கே இருப்பது சுமார் 1.8 கிராம் நீராவி. 120 டிகிரியில் 3.4 கிராம். இந்த எடைகளைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். அதே விதி இரண்டு மடங்கு அழுத்தத்தைக் கொடுக்கும். பிசகு இரண்டு, மூன்று சதவீதத்துக்குள்தான். வெயிட்டைத் தூக்குவது சூடான பழைய ஆவி மட்டுமல்ல, புதிதாக வந்து சேர்ந்த ஆவியும்தான்.

உங்கள் கணக்கு அப்படியே பலிக்கும் இடம் டயர். உள்ளே வெறும் காற்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 27 டிகிரியில் கேஜ் 30 பி.எஸ்.ஐ. காட்டினால், அது கணக்கில் சேர்க்காத வெளிக்காற்றின் 15-ஐயும் சேர்த்து 45 என்று எடுங்கள். 57 டிகிரியில் பத்து சதவீதம் கூடி 49.5. அந்த 15-ஐக் கழித்தால் கேஜ் 34.5 காட்டும்.

தயவுசெய்து இந்தக் கணக்கைச் சமையல் எரிவாயு சிலிண்டருக்குப் போட்டுவிடாதீர்கள். 27-லிருந்து 54 டிகிரிக்குப் போனால் 9 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். அது மேலும் மேலும் ஆவியாகி, அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அப்புறம், திரவமே சூட்டில் விரியும். அதற்காகத்தான் சிலிண்டரை முழுக்க நிரப்பாமல் மேலே இடம் விடுகிறார்கள். அந்த இடமும் அடைபட்டுவிட்டால் இரும்பு தாங்காது. உங்கள் வீட்டு சிலிண்டர் வெயில் படும் இடத்தில் இருந்தால் இன்றே நிழலுக்கு மாற்றுங்கள்.