பைத்தியம், பித்து, வெறி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஐயா, பைத்தியம், கிறுக்கு, பித்து எல்லாம் ஒன்றுதானே?

பதில்: அகராதியில் கிட்டத்தட்ட ஒன்று, பேச்சில் இல்லை. 'கிரிக்கெட் பைத்தியம்' என்றால் கோபப்படாமல் சிரிப்பார்கள். 'கிறுக்குப் பயலே' என்பதில் மதுரைப் பக்கம் பாதி செல்லம். பித்து மட்டும் வைத்தியத்தோடு ஒட்டியது. வாதம், பித்தம், கபம் மூன்றில் பித்தம் மிஞ்சினால் புத்தி தடுமாறும் என்பது பழைய கணக்கு. 'பித்தம் தலைக்கேறிடுச்சா?' என்று திட்டுவதும், பாட்டி காலையில் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு கொடுப்பதும் அந்த ஒரே பித்தத்தை வைத்துத்தான்.

கேள்வி: சிவனைப் போய்ப் பித்தன் என்கிறார்களே?

பதில்: கதை தெரிந்தால் ருசிக்கும். சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் ஓலையோடு வந்து, 'நீ எனக்கு அடிமை' என்கிறார். 'நீ பித்தனோ' என்று ஏசுகிறார் மாப்பிள்ளை. திருவெண்ணெய்நல்லூரில் வழக்கு நடந்து கிழவர் ஜெயிக்கிறார். வந்தது சிவன் என்று தெரிந்ததும் எதைப் பாடுவது எனச் சுந்தரர் திகைக்க, திட்டிய சொல்லிலேயே தொடங்கச் சொன்னாராம். 'பித்தா பிறைசூடீ' அப்படி வந்தது.

கேள்வி: 'வெறித்தனம்' பாராட்டா?

பதில்: ரசிகர் வாயில் பாராட்டு. ஜாதியோடு சேர்ந்தால் வசவு. சங்க காலத்தில் வெறி என்றால் சாமியாட்டம்: மகள் காதலில் மெலிந்தால், இது முருகன் செய்த வேலை என்று நினைத்துத் தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட வைப்பாள். அசல் காரணம் மகளுக்கும் தோழிக்கும் மட்டும் தெரியும்!

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'விசர்' என்போம். அங்கே விளங்குமா?

பதில்: 'உனக்கென்ன விசரே?' என்றால் தொனியிலேயே விளங்கிவிடும். எங்கள் வெறிநாய் உங்களுக்கு விசர்நாய். மனநல மருத்துவமனை இருக்கும் உங்கள் அங்கொடை எங்களுக்குக் கீழ்ப்பாக்கம்.

கேள்வி: 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டல் செய்யலாமா?

பதில்: நான் செய்ய மாட்டேன். 1794-ல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனையால் ஒரு பேட்டையின் பெயரே வசவாகிவிட்டது. அந்தப் பெயருக்குப் பயந்தே டாக்டரிடம் போகாதவர்கள் உண்டு. மனநோயாளிகளுக்கான 1912 சட்டத்தின் பெயரில் இருந்த 'லூனசி' (பைத்தியம்) என்ற சொல்கூட 1987-ல் போய்விட்டது. நண்பனை லூசு என்பது வேறு, மாத்திரை சாப்பிடுகிறவர் காதுபட அதைச் சொல்வது வேறு.

கேள்வி: கடைசியாக ஒரு பழமொழி?

பதில்: 'பைத்தியம் தெளிந்துவிட்டது, உலக்கை கொண்டா கோவணம் கட்ட.' இனி ஆன்லைனில் எதுவும் வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாட்ச் ஆர்டர் போடுகிறவருக்குச் சொல்லுங்கள்.