காபிப் பூ சொல்லும் சாட்சி: வாசகர் கேள்வி–பதில்

கே: ஏற்காட்டில் நடக்கிற மாதிரி ஒரு மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பறிகிறவர், எஸ்டேட்டில் 30 வருடம் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்த ஒரு அம்மா. போலீஸ் கண்ணில் படாதது அவர் கண்ணில் எப்படிப் படும்?
– வாசகி, அஸ்தம்பட்டி

ப: அந்த அம்மா 30 வருடம் பார்த்த வேலையிலிருந்தே துப்பை எடுங்கள். அரபிகா காபிச் செடியின் மொட்டு கணுவிலேயே உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு அங்குலம் அளவுக்கு மழை விழுந்தால்தான் விழிக்கும். அப்போதும் மறுநாளே பூக்காது. 8 முதல் 10 நாள் ஆகும். பிறகு சரிவு முழுக்க ஒரே வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி வாடிவிடும்.

இப்போது உங்கள் குற்றவாளி ஒரு போட்டோவை நீட்டட்டும்: “இந்த வருஷம் முதல் மழை பெஞ்ச மறுநாள் காலையில எடுத்தது சார், நான் தோட்டத்துலதான் இருந்தேன்.” இன்ஸ்பெக்டர் படத்தில் இருக்கும் ஆளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். மேஸ்திரியம்மா, ஆளுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூத்து நிற்கும் செடியைப் பார்ப்பார்.

இதில் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் வைத்துத் தண்ணீர் தெளித்தே பூக்க வைக்கிற எஸ்டேட்டுகள் உண்டு. விவரம் தெரிந்த வாசகர் முதலில் அதைத்தான் கேட்பார். ஆகவே அந்தத் தோட்டத்துக் குட்டை வற்றிக் கிடப்பதைப் பேச்சோடு பேச்சாக முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கதையை ஃபிலிம் கேமரா காலத்தில் வையுங்கள். செல்போன் படமென்றால் எடுத்த தேதியை அந்த போனே சொல்லிவிடும். அம்மாவுக்கு வேலையே இருக்காது.

மழை பெய்த தேதி இரண்டாம் அத்தியாயத்தில், கூலிக் கணக்கு நோட்டில் ‘மழை, அரை நாள்’ என்று வரட்டும். போட்டோ ஐந்தாவதில். 8 நாள் கணக்கை, கொலை நினைப்பே இல்லாத ஒரு இடத்தில், யாராவது பூ வாசத்தைப் பற்றிப் பேசும்போது சொல்லட்டும். கடைசி அத்தியாயத்தில்தான் முதன்முதலாகச் சொன்னீர்களென்றால் அது வாசகரை ஏமாற்றுவது. அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் முதலான மர்மக்கதை எழுத்தாளர்கள் இருந்த லண்டன் டிடெக்‌ஷன் கிளப் தொடங்கியது 1930இல். முக்கியமான துப்பை வாசகரிடம் மறைக்க மாட்டேன் என்று அதில் சேருகிறவர் உறுதிமொழியே எடுக்க வேண்டும்.

கே: விஷத்தைப் பற்றி அகதா கிறிஸ்டியால் எப்படி அவ்வளவு துல்லியமாக எழுத முடிந்தது?
– வாசகர், ஆத்தூர்

ப: முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டார்க்கி ஊர் மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். 1920இல் வந்த முதல் நாவலான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ஸிலேயே அது தெரிகிறது. (அதைப் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.) அந்தக் காலத்து டானிக்கில் ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் துளியளவு இருக்கும். அதில் புரோமைடு உப்பு சேர்ந்தால் ஸ்ட்ரிக்னின் கரையாமல் படிகமாகி அடியில் தங்கிவிடும். தினமும் குடித்தவருக்கு ஒன்றும் ஆகாது. கடைசி வேளையில் மொத்த விஷமும் இறங்கும். கொலையாளி அன்று ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை. மருந்து கலக்குகிறவர் கலக்கக் கூடாதென்று படித்த ஒன்றுதான் கதையாகியிருக்கிறது.

கே: மிஸ் மார்பிள்தானே முதல் பெண் துப்பறிவாளர்? தமிழில் பெண்கள் இதை எழுதவே இல்லையா?
– வாசகி, அம்மாபேட்டை

ப: இல்லை. அகதா கிறிஸ்டியின் மார்பிள் சிறுகதையில் வந்தது 1927, நாவலில் 1930. அமெரிக்காவின் அன்னா கேத்தரின் கிரீன் 1878லேயே, ஷெர்லாக் ஹோம்ஸுக்கு 9 வருடம் முன்னால், துப்பறியும் நாவல் எழுதிவிட்டார். அக்கம்பக்கத்தை ஜன்னல் வழியே கவனிக்கும் கல்யாணமாகாத வயதான அம்மாளை 1897இல் படைத்தவரும் அவர்தான். தமிழில் வை.மு. கோதைநாயகி (1901–1960) இருக்கிறார். எழுதப் பழகாத நாளில் தன் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி எழுதினார். பிறகு நூற்றுக்கும் மேல் நாவல்கள். மர்மமும் துப்பறிதலும் அவற்றில் உண்டு. 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையும் நடத்தினார். இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியவில்லை என்பது வருத்தமான விஷயம்.

கே: என் கதாநாயகி இன்ஸ்பெக்டர். நடைமுறையில் எங்கே தப்பு வரும்?
– வாசகர், மேட்டூர்

ப: அவரை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டுக் கொலை வழக்கைக் கொடுக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் குடும்ப வன்முறை, வரதட்சணை, குழந்தைகள் மீதான குற்றங்கள். கொலை, சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குப் போகும்.

கல்யாணமாகி 7 வருடத்துக்குள் பெண் சந்தேகமாக இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு என்று எழுதக் கூடாது, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. ஏற்காட்டிலிருந்து உடலை சேலத்துக்கு இறக்குவதானால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பத்து நிமிடத்தில் பிரேதப் பரிசோதனை மேஜைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.