பொறுமைக்கு என்ன கூலி?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்கு ஆடிய உள்களத் தடுப்பாட்டக்காரர் ட்ரூ மேஜியின் கதையை என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். மைனர் லீக் என்னும் கீழ்நிலைப் போட்டிகளில் 13 பருவங்கள், 1,154 ஆட்டங்கள், அப்புறம் 33 வயதில் உச்ச நிலையான மேஜர் லீக். ஒரு பையன், “இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு மேட்ச்தானா சார்?” என்றான். விடாமுயற்சியின் அருமையை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? பேஸ்பால் ஏன் நம் ஊரில் வளரவில்லை?

– ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. நம் ஊரில் பேஸ்பால் வளராததை விடுங்கள், வளராவிட்டால் போகிறது.

2023 ஏப்ரல் 26 அன்று எட்டாவது இன்னிங்ஸில் மேஜி மட்டையோடு வந்தபோது பிட்ஸ்பர்க் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பந்தைச் சரியாக அடிக்க முடியாமல் ஸ்டிரைக் அவுட் ஆனார். அந்தக் காட்சியைப் பார்த்து நானும் அழுதேன். 2021இல் மினசோட்டா ட்வின்ஸ் என்ற இன்னொரு மேஜர் லீக் அணி அவரை மேலே கூப்பிட்டு, சில நாள் பெஞ்சில் உட்காரவைத்து, ஆடவிடாமலே திருப்பி அனுப்பியிருந்தது. இந்த முறையும் பைரேட்ஸ் ஆட்டக்காரர் பிரையன் ரெனால்ட்ஸ் துக்க விடுப்பில் போனதால் காலியான இடம்தான் அது.

ஆனால் நீங்கள் விடாமுயற்சி என்று பாடம் நடத்துவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அந்தப் பருவங்களில் பெரும்பாலும் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று பிள்ளைகளிடம் சொன்னீர்களா? அப்போது பருவம் நடக்கும் மாதங்களுக்குத்தான் சம்பளம். அதற்கு முந்தைய வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளமே இல்லை. பருவத்தில் வாரம் 40 மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி போதும், அதற்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் ஒன்றும் தரவேண்டியதில்லை என்று 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் செருகி, சட்டமே போட்டது. மேஜர் லீக்குக்கு ஒரே படி கீழே இருக்கும் டிரிபிள் ஏ போட்டிகளில்கூட ஆண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 17,500 டாலராகத்தான் இருந்தது. ஆட்டக்காரர்கள் சங்கமாகத் திரண்டு பேசிய பிறகே அது 35,800 ஆனது. அந்த ஒப்பந்தம் முடிந்தது 2023 மார்ச் கடைசியில், மேஜி மேலே போவதற்குச் சில வாரம் முன்பு! மேலே மேஜர் லீக்கில் இருப்பவருக்கு அந்த ஆண்டு குறைந்தபட்சமே 7,20,000 டாலர்.

ஒரு பத்திரிகையில் ஒன்பது வருடம் தினக்கூலிக்குப் பிழைதிருத்துபவனாக இருந்தேன். அடுத்த மாதம் நிரந்தரம் என்பார்கள். என்னைப் ‘பொறுமைசாலி’ என்று எல்லோர் முன்னாலும் புகழ்வார்கள். என் மனைவியின் வளையல் அடகுக்கடையில் இருந்தது. நிரந்தரமான நாளில் கழுத்தில் மாலை போட்டார்கள். நானும் பூரித்துப்போய் நின்றேன். வீட்டுக்கு வந்தால் அவள் மாலையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, “இனிமே மாசாமாசம் வட்டியாவது கட்டலாம்” என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பொறுமையை நான் குறை சொல்லவில்லை. மேஜி அந்த ஆட்டத்தை அவ்வளவு நேசித்தார், அதற்கு முன்னால் தலை வணங்குகிறேன். அந்த நேசம் இருப்பதாலேயே அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்று ஆகிவிடுகிறதே, அதைச் சொல்கிறேன். பிள்ளைகளிடம் கைதட்டலைக் காட்டும்போது சம்பளச் சீட்டையும் காட்டுங்கள். எட்டாம் வகுப்புக்கு அது புரியும். புரிந்ததால்தான் அந்தப் பையன் கேட்டான்.

அவனிடம் ஒன்று மட்டும் திருத்திச் சொல்லுங்கள். ஒரு மேட்ச் இல்லை, அந்த ஆண்டு மூன்று. ஏப்ரல் 29 அன்று வாஷிங்டனில் மேஜி தன் முதல் ஹிட்டை அடித்தார்.