தெருத் தண்ணீர் ஹாலுக்கு வருகிறது, வீட்டைத் தூக்கலாமா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு லேஅவுட்டில், 1200 சதுர அடி மனையில் வீடு கட்டியிருக்கிறோம். நல்ல மழை பிடித்தால் தெருத் தண்ணீர் ஹால் வரை வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் மண் அடித்து மனையை உயர்த்திவிட்டார்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் தூக்கினால் அந்தத் தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போகும், அவரும் தூக்குவார், நடுவில் சாலையையும் மேலே மேலே போடுவார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் லட்சக்கணக்கில் செலவு செய்யாதீர்கள்.

அடுத்த மழையில் மாடியில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். செம்மண் கலந்து, மேல்தெருவிலிருந்து வேகமாக ஓடி வந்தால் அது மலைச்சரிவுத் தண்ணீர், அதன் பழைய வழியை யாரோ அடைத்திருக்கிறார்கள். வேகமே இல்லாமல் தெருவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நின்றால் கீழே வடிகால் அடைத்திருக்கிறது. கறுப்பாக, நாற்றத்தோடு, பாத்ரூம் ஓட்டை வழியாக மேலே வந்தால் அது பாதாளச் சாக்கடை. மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் சேர்த்துவிட்ட வீடுகள் தெருவில் நாலைந்து இருந்தாலே போதும், மழை நேரத்தில் அந்தக் குழாய் தாங்காது. முதலில் உங்கள் வீட்டுக் குழாயைப் பிரித்துவிடுங்கள், அப்புறம் சேம்பரிலிருந்து தெருவுக்குப் போகும் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது வெளியே போனது திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து கழுவ வேண்டும்.

உங்கள் பகுதிக்கு முதல் காரணம்தான் அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். சேர்வராயன் மலை அடிவாரம் அது. ஏற்காட்டில் ஊரைவிட மழை அதிகம், அங்கே கொட்டினால் இங்கே தூறல்கூட இல்லாதபோதே ஓடையில் தண்ணீர் வரும். அது புது ஏரிக்குப் போய், நிரம்பினால் மூக்கனேரி, அங்கிருந்து திருமணிமுத்தாறு என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைக்குத் தண்ணீர் கொண்டுபோன சின்ன வாய்க்கால்கள் பல, மனை பிரிக்கும்போது ஜேசிபி வைத்துச் சமமாக்கப்பட்டுவிட்டன. தண்ணீர் மட்டும் இன்னும் அதே வழியில்தான் வருகிறது.

அதனால் உங்கள் சர்வே எண்ணுக்கும் மேல்பக்கத்து எண்களுக்கும் எல்லைகளைக் காட்டும் புல வரைபடம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று எங்கேயாவது இருந்தால் அந்த நகலோடு மனு கொடுங்கள். ‘எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது’ என்ற மனுவுக்கு ஒரு மோட்டார் வைத்து இறைத்துவிட்டுப் போய்விடுவார்கள், சர்வே எண் போட்ட மனுவை அப்படித் தட்டிவிட முடியாது. வரி ரசீதைப் பார்த்து, பேரூராட்சியா மாநகராட்சியா என்று தெரிந்துகொண்டு அங்கே கொடுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலும் ஒன்று கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தெருவாகச் சேர்ந்து போனால் நல்லது.

வடிகால்தான் காரணம் என்றால் தெருமுனைச் சிறுபாலத்தைக் குனிந்து பாருங்கள். தேங்காய் மட்டை, பால் கவர், கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லி, எல்லாம் அந்த வாயில்தான் சிக்கியிருக்கும். சாக்கடையில் பாதி உயரம் மண் நின்றால் பாதித் தண்ணீராவது போகும் என்று நினைக்கிறோம். 2 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள சாக்கடையில் 1 அடி மண் நின்றால் ஏறத்தாழ 40 சதவீதம்தான் போகும், ஏனென்றால் வேகமும் குறைந்துவிடுகிறது. வீட்டு வாசலில் ரேம்புக்காகச் சாக்கடைமேல் கான்கிரீட் போட்டு மூடியவர்கள், கழற்றி எடுக்கிற மாதிரி சிலாப்பாக மாற்றியே ஆக வேண்டும். மூடிய இடத்தில் யாரும் தூர்வார முடியாது. சாலை மறுபடி போட வந்தால், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, உங்கள் மனையின் பங்கு. 5 செ.மீ. மழைக்கு 1200 சதுர அடியில் ஏறக்குறைய 5,500 லிட்டர் விழுகிறது. வீட்டைச் சுற்றி முழுக்க சிமெண்ட் போட்டிருந்தால் அத்தனையும் தெருவுக்குத்தான். 4க்கு 4 அடி, 5 அடி ஆழத்தில் குழி எடுத்துக் கருங்கல் ஜல்லி நிரப்பினால் ஒரு நேரத்தில் 800, 900 லிட்டர்தான் பிடிக்கும், அதனால் குழி மட்டும் போதாது. மாடித் தண்ணீரை வடிகட்டி முதலில் சம்புக்கு விடுங்கள், நிரம்பி வழிவது குழிக்குப் போகட்டும். சேலத்தில் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும். குழி எடுக்கும் முன் ஒன்றரை அடி தோண்டித் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கவே இல்லை என்றால் குழிக்குள் துளை போட்டு இறக்க வேண்டும். அஸ்திவாரத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் 10 அடியாவது தள்ளி வையுங்கள்.

இந்த ஊரில் கனமழை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அதனால் தூர்வாரும் மனுவை ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்து ஒரு மழைக்காலம் பார்த்த பிறகும் ஹாலுக்குத் தண்ணீர் வந்தால், அப்போது ஜாக்கி பற்றிப் பேசலாம். அதுவரை வாசலில் ஓரடிப் படித்தடுப்பு கட்டுங்கள், தரையோடு இருக்கும் பிளக் பாயிண்டுகளை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 3 அடிக்கு மேல் ஏற்றச் சொல்லுங்கள். இது மட்டும் இந்த வாரமே நடக்கட்டும்.