வேலைய விட்டுட்டு வியட்நாம் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாமா, பணம் தாங்குமா?

கேள்வி: வயசு 34, ஊர் திருச்சி. சென்னையில ஒரு ஐடி கம்பெனில 9 வருஷம் 2 மாசமா வேலை, கைக்கு 68,000 வருது. ஹோ சி மின் சிட்டில ஒரு லாங்குவேஜ் சென்டர்ல இங்கிலீஷ் டீச்சரா நவம்பர்ல வரச்சொல்றாங்க. மணிக்கு 3,50,000 டாங், வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் கிளாஸ். முதல்ல இ-விசால (ஆன்லைன்ல எடுக்குற குறுகிய கால விசா) வாங்க, வொர்க் பெர்மிட் அப்புறம் போட்டுக்கலாம்ங்கறாங்க. நகைக் கடன் மூன்றரை லட்சம், மாசம் 15,000 சீட்டு இன்னும் 10 மாசம், எஃப்டி 4 லட்சம். அம்மாவுக்கு வாடகை, மளிகை, சுகர் மாத்திரைனு மாசம் 27,000 அனுப்பறேன். இங்கிலீஷ் டீச்சர் ஆகறதுக்கான செல்டா சர்டிபிகேட் கோர்ஸ் ஒன்றரை லட்சம்னு சொன்னாங்க, அதே மாதிரி டெஃபல்னு ஒண்ணு ஆன்லைன்ல 15,000க்கே கிடைக்குது. போலாமா சார்?

பதில்: போங்கம்மா. ஆனா இந்த நவம்பர்ல வேண்டாம், அடுத்த ஜூலை முடிஞ்சு கிளம்புங்க.

ஆஃபர்ல "20 மணி நேரம் வரைக்கும்"னு இருக்கு பாருங்க, அந்த "வரைக்கும்"தான் என்னை உறுத்துது. முழு 20 மணி கிடைச்சா மாசம் 2.8 கோடி டாங், நம்ம பணத்துல 95,000 கிட்ட, கேக்க நல்லாத்தான் இருக்கு. 14 மணிதான் குடுத்தாங்கன்னா 66,000. இதுல முதல் ஆறு மாசம், அதாவது அங்க 183 நாள் ஆகாதவரைக்கும், வரி நேரா 20 சதவீதம் பிடிக்கலாம், 13,000 போச்சு, மீதி 53,000ல ரூம் வாடகை 20,000, சாப்பாடு பஸ்ஸுக்கு 15,000 வச்சா மிச்சம் 18,000, அம்மாவுக்கே 27,000 வேணும், சீட்டுக்கு எங்க போவீங்க? இதுல டெட்ங்கற வியட்நாம் புத்தாண்டுப் பண்டிகை வேற வரும், அப்ப கிளாஸ் நின்னுடும், மணிக்கணக்குல சம்பளம் வாங்குறவங்களுக்கு அந்த நாளுக்கு காசு வராம போகலாம்.

ஜூலை ஏன்னா, சீட்டு அப்ப முடியுது, கடைசி வரைக்கும் எடுக்காம இருந்தா வர்ற பணத்தோட எஃப்டில கொஞ்சம் சேர்த்து நகைய திருப்பிடலாம். நீங்க ஊர்ல இல்லாதப்ப அந்த நகைக் கடனை ரினியூ பண்ண அம்மா பேங்க்ல போய் நின்னா, கடன் யார் பேர்ல இருக்கோ அவங்க வரணும்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அந்த அலைச்சல் அவங்களுக்கு வேண்டாம். அதே ஜூலைலதான் உங்க சர்வீஸும் 10 வருஷம் முடியுது. பிஎஃப்போட சேர்ந்த இபிஎஸ்ங்கற பென்ஷன் திட்டத்துல 58 வயசுல பென்ஷன் வாங்குற தகுதி 10 வருஷத்துலதான் வருது, இவ்வளவு தூரம் வந்துட்டு அதை விடாதீங்க. பிஎஃப் பணத்தையும் தொடாதீங்க.

வரி விஷயத்துலயும் ஜூலை, ஆகஸ்ட் நல்லது. வேலைக்காக வெளிநாடு போறவங்க அந்த நிதி வருஷத்துல இந்தியால 182 நாளுக்குக் கீழ இருந்தா என்ஆர்ஐ, அதாவது செப்டம்பர் 28க்குள்ள ஃப்ளைட் ஏறிடணும். நவம்பர்ல போனா நீங்க ரெசிடென்ட்தான், அங்க வாங்குன சம்பளத்தையும் இங்க ரிட்டர்ன்ல காட்டணும், அங்க கட்டுன வரிய கழிச்சுக்கலாம்தான், ஆனா பேப்பர் வேலை ஜாஸ்தி. போனதும் சேவிங்ஸ் அக்கவுண்ட்ட என்ஆர்ஓவா, அதாவது என்ஆர்ஐக்கான அக்கவுண்ட்டா மாத்திடுங்க.

இ-விசால போக மட்டும் ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. அது அதிகபட்சம் 90 நாள், அதுல வேலை பாக்குறது சட்டப்படி தப்பு, சம்பளம் தராம ஏமாத்தினாக்கூட புகார் குடுக்கறது ரொம்ப கஷ்டம். டிகிரி, டீச்சிங் சர்டிபிகேட் அட்டஸ்டேஷன், பாஸ்போர்ட் ஆபீஸ்ல வாங்குற பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்) எல்லாம் இங்கயே முடிச்சுட்டு கிளம்புங்க, அங்க போய் உக்காந்துகிட்டு இங்க ஆள் வச்சு அலைய விட்டா செலவு ரெண்டு மடங்கு.

கோர்ஸ்ல நான் செல்டா பக்கம்தான். 120 மணி நேரத்துல 6 மணி நேரம் நிஜ ஸ்டூடண்ட்ஸ் முன்னாடி நின்னு பாடம் எடுக்கணும், ட்ரெய்னர் பின்னாடி உக்காந்து நோட்ஸ் எழுதுவாரு. நம்ம பாஸ்போர்ட்ட பாத்ததும் "நேட்டிவ் ஸ்பீக்கர் இல்லையா"னு கேக்குற இடத்துல இது ரொம்ப உதவும். கொரியா ஆசை இருந்தா விட்டுடுங்க, அங்க இங்கிலீஷ் டீச்சருக்கான ஈ-2 விசா பொதுவா அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கானு ஏழு நாட்டுக்காரங்களுக்குத்தான். பார்ட் டைம் செல்டா பேட்ச் இருக்கு, வேலைய விடாமலே படிக்கலாம்.

அம்மாவுக்கு இப்ப கம்பெனி இன்சூரன்ஸ்தானே இருக்கும்? ராஜினாமா லெட்டர் குடுக்குறதுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனில தனி பாலிசியா மாத்த எழுதிக்கேளுங்க, அப்படி மாறினா இத்தனை நாள் கவர்ல இருந்ததை கணக்குல எடுத்துக்குவாங்க. புதுசா போட்டா சுகருக்கு 3 வருஷம் வரைக்கும் வெயிட்டிங் வைக்கலாம், அது இந்த முழு கணக்கையும் கவுத்துடும்.

இன்னிக்கே அந்த சென்டருக்கு ஒரு மெயில் போடுங்க: வாரத்துக்கு குறைஞ்சபட்சம் 18 மணி நேரத்துக்கு சம்பளம், வொர்க் பெர்மிட் கையில வந்தப்புறம்தான் வேலைல சேருவேன், ரெண்டும் கான்ட்ராக்ட்ல வேணும்னு. மாட்டேன்னு சொன்னா வேற சென்டர் பாக்க உங்களுக்கு பத்து மாசம் இருக்கு.